சென்றாயன் சொன்ன ஆப்பிள் கசாயம்

மார்கழிக் காலையில் திருச்செங்கோட்டில் வெயில் அளவு இருபது டிகிரிக்கு இறங்கினாலே அதிசயம். அந்தக் குளிருக்கே ஊரில் பாதிப்பேர் குரங்குக் குல்லாயை மாட்டிக்கொண்டுதான் பால் வாங்கக் கிளம்புவார்கள். அவர்களிலும் அதிகமாக நடுங்குகிறவன் யார் என்று பார்த்தால், எட்டுக் குளிர்காலத்தை இமாசலத்துப் பனியில் கழித்துவிட்டு வந்த சென்றாயன்தான். குல்லாய், அதன்மேல் ஒரு துண்டு, சட்டைக்குமேல் சட்டை. பால்காரர் கேட்டே விட்டார், "ஏனுங்க சென்றாயா, அங்க பனியிலயே கிடந்த ஆளு, இங்க இப்படி வெடவெடங்கறீங்க?" என்று. "அங்க குளிரு வெளியதானுங்க இருக்கும். உள்ளுக்குப் போறதுக்கு விட மாட்டாங்க" என்றான் சென்றாயன். சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டான். ஏன் கடித்துக்கொண்டான் என்பதுதான் இந்தக் கதை.

சென்றாயனுக்கு வயது நாற்பத்தாறு. பதினெட்டு வயதில் போர்வெல் வண்டியில் ராடு தூக்கப் போனவன். எட்டு வருடம் ராடு தூக்கி, பிறகு லிவரைப் பிடிக்கிற டிரில்லர் ஆனான். ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று அவன் துளை போடாத மாநிலம் குறைவு. நமக்கெல்லாம் தேசத்தைப் பள்ளிக்கூடத்து வரைபடத்தில்தான் தெரியும். அவனுக்கு அடி அடியாகத் தெரியும், இங்கே நானூறில் தண்ணீர், அங்கே எழுநூறிலும் புழுதி என்று. பூமியைத் துளைத்துப் போகிற பிட்டின் சத்தத்தைக் கேட்டே பாறை எப்போது மாறுகிறது என்று சொல்லிவிடுவான். வீட்டுக்குள் என்ன மாறியிருக்கிறது என்பதில்தான் ஆள் கொஞ்சம் மந்தம். வருடத்தில் பத்து மாதம் வெளியே இருக்கிறவனிடம் அதற்குமேல் எதிர்பார்ப்பதும் தப்பு.

அவன் மனைவி மஞ்சுளா. ஊருக்கு வெளியே இருக்கும் நூல் மில்லில் சூப்பர்வைசர். அவளுக்குக் கீழே நாற்பது பெண்கள் வேலை பார்க்கிறார்கள், முக்கால்வாசிப் பேர் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள். மில்லுக்குள் அவள் நடந்து வந்தால் மெஷினே கொஞ்சம் ஒழுங்காக ஓடும் என்பார்கள். அவளுடைய அப்பன் குடித்தே செத்தவர். அதனால் கல்யாணமான மூன்றாம் மாதம் சென்றாயன் போர்வெல் வண்டிகள் நிற்கிற ரிக் யார்டிலிருந்து ஒருநாள் தள்ளாடிக்கொண்டு வந்தபோது, அவள் கத்தவில்லை, அழவில்லை. மறுநாள் விடிந்ததும் குளிக்க வைத்து, ஏரிக்கரை முனியப்பன் கோயிலுக்குக் கூட்டிப்போய், பூசாரி மந்திரித்துக் கொடுத்த கறுப்புக் கயிற்றைத் தன் கையாலேயே அவன் மணிக்கட்டில் கட்டினாள். இனிமேல் தொடுவதில்லை என்று அவன் சாமி முன்னால் சூடத்தில் அடித்துச் சத்தியம் செய்தான். கயிறு இற்றுப்போக இற்றுப்போக வருடா வருடம் புதிதாகக் கட்டுவாள். இருபது வருடமாக இதுதான் வழக்கம்.

பன்னிரண்டு வருடம் அவன் சொன்ன சொல் தவறவில்லை. அதற்குப் பிறகு வண்டி இமாசலத்துக்குப் போனது.

முதல் குளிர்காலத்திலேயே பாதையில் பனி விழுந்து வண்டி சிக்கிக்கொண்டது. டயருக்குச் சங்கிலி மாட்ட இறங்கிய சென்றாயனை ஒரு மணி நேரம் கழித்து இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போய், மேட்டில் இருந்த ஆப்பிள் தோட்டத்து வீட்டில் போட்டார்கள். அது பிம்லா தேவி என்ற அம்மாளின் வீடு. விரலெல்லாம் நீலம் பாரித்துக் கிடந்தவனின் வாயில் அந்த அம்மாள் ஒரு பித்தளை டம்ளரை வைத்தாள். தோட்டத்து ஆப்பிளைப் பிழிந்து, மரப்பீப்பாயில் நாலு மாதம் புளிக்க வைத்து, கிராம்பும் சுக்கும் வெல்லமும் போட்டு, கொதிக்க விடாமல் சூடு பண்ணியது. மூக்குக்குப் பக்கத்தில் வந்தபோதே அவனுக்குத் தெரிந்துவிட்டது இது எந்த ஜாதிச் சரக்கு என்று. ஆனாலும் உள்ளே இறங்கியது. தொண்டை, நெஞ்சு, வயிறு என்று ஒவ்வொரு இடமாக விளக்குப் போட்டுக்கொண்டே இறங்கியது. கடைசியாகக் கால் கட்டைவிரலுக்கு வந்தபோது சென்றாயன் சிரித்துவிட்டான்.

அன்று மாலை மஞ்சுளாவுக்குப் போன் செய்தான்.

"குளிரா இருக்குதுங்களா மாமா?"

"கொஞ்சம் குளிரு. அதெல்லாம் ஒண்ணுமில்ல புள்ள. இங்க ஒரு அம்மா ஆப்பிள் கசாயம் வெச்சுக் குடுத்தாங்க. நெம்ப நல்லாருந்துச்சு."

அந்தக் கசாயம் என்ற ஒற்றைச் சொல்தான் பிறகு எட்டு வருடம் ஓடியது. வண்டியைக் குளிர்காலம் முழுக்க பிம்லா தேவியின் கீழ்க்களத்திலேயே நிறுத்திக்கொண்டார்கள். தினமும் வேலை முடிந்ததும் ஆளுக்கொரு டம்ளர். சென்றாயன் ஊருக்கு வரும்போதெல்லாம் அந்தக் கசாயத்தின் பெருமையைச் சொல்லுவான். மஞ்சுளாவும் தெருவில் சொல்லுவாள். எதிர்வீட்டுச் சுப்பம்மாள் தன் முழங்கால் வலிக்கு அந்தக் கசாயம் ஒரு பாட்டில் கிடைக்குமா என்று மூன்று தடவை கேட்டுவிட்டாள்.

இந்த வருடம் வண்டிக்கு எஞ்சின் வேலை வந்தது. கார்த்திகையிலேயே திருச்செங்கோடு யார்டுக்கு இறக்கிவிட்டார்கள். கூடவே பிம்லா தேவி ஒரு பெட்டி ஆப்பிள் ஏற்றி அனுப்பியிருந்தாள். இருபது கிலோ. சென்றாயன் எட்டு வருடத்தில் முதல்முறையாக மார்கழிக்கு வீட்டில் இருந்தான். ஆள் சந்தோசமாகத்தான் இருந்தான், அந்தப் போன் வரும்வரை.

பிம்லா தேவி ராமேசுவரம் போகிறாளாம். ஊர்க்காரர்களோடு ரயிலில் வருகிறாளாம். ஈரோட்டில் ஒருநாள் தங்கல். அன்று காலையில் சென்றாயன் வீட்டுக்கு வந்து அவன் மனைவியைப் பார்க்க வேண்டுமாம். "அவளிடம் நேரில் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது" என்றாளாம் இந்தியில்.

அந்த அம்மாள் வாயைத் திறந்தால் கசாயத்தின் சாயம் வெளுத்துவிடும். மஞ்சுளாவுக்குத் தெரிந்தால் கத்த மாட்டாள், அதுதான் பயம். இருபது வருடம் முந்தியும் அவள் கத்தவில்லை. கட்டிய கயிற்றை அறுத்துக் கையில் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். அதற்குப் பிறகு அவன் வீட்டுக்கு வந்தால் என்ன, வராவிட்டால் என்ன.

ஒரே ஒரு தைரியம் இருந்தது. அந்த அம்மாளுக்குத் தமிழ் தெரியாது, மஞ்சுளாவுக்கு இந்தி தெரியாது. இரண்டு பேருக்கும் நடுவில் வாயாக இருக்கப்போகிறவன் அவன் ஒருவன்தான்.

மஞ்சுளாவோ தலைகால் புரியாமல் இருந்தாள். "எட்டு வருசமா எம்புருசனக் கவனிச்ச அம்மா வாராங்க. அவங்க ஊட்டுக் கசாயத்தையே நாம வெச்சுக் குடுக்கோணுங்க மாமா. ஆப்பிள்தான் இருக்குதே!"

சென்றாயன் யோசித்தான். ஆப்பிளைப் பிழிந்து, புளிக்க விடாமல், சுக்குத் தட்டிப் போட்டுச் சுட வைத்தால் அது நிஜமாகவே கசாயம்தானே. எட்டு வருடப் பொய் ஒரே நாளில் உண்மையாகிவிடும். இதைவிட நல்ல வழி ஏது. பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு யார்டுக்கு ஓடினான்.

பிழிந்த கூத்தைச் சொல்லியாக வேண்டும். ரிக் வண்டிக்காரனுக்கு எதையும் நசுக்கத் தெரிந்தது ஒரே வழிதான். ஆப்பிளைக் கிரைண்டரில் போட்டுத் துவையலாக அரைத்து, புது வேட்டித் துணியில் மூட்டை கட்டி, இரண்டு இரும்புத் தகட்டுக்கு நடுவில் வைத்து, லாரி டயர் மாற்றுகிற இருபது டன் ஜாக்கியை மேலே கொடுத்து ஏற்றினார்கள். முதல் பம்பிலேயே துணி கிழிந்து எதிரில் நின்ற வெல்டர் நவீன்குமாரின் முகத்தில் பாதி ஆப்பிள் அப்பியது. அவன் நக்கிப் பார்த்துவிட்டு, "அண்ணா, இனிக்குதுங்க, இன்னொருக்கா அடிங்க!" என்றான். யார்டே சிரித்தது. மூன்றாவது துணியில் சரியாக வந்தது. பன்னிரண்டு லிட்டர் சாறு.

அன்றைக்கே முதலாளி நவநீதகிருஷ்ணன் வந்து, எஞ்சின் சாமான் வாங்க பெங்களூர் போகவேண்டும், கிளம்பு என்றார். ஐந்து நாள் வேலை. சென்றாயன் சாற்றுக் கேனை வீட்டில் வைத்துவிட்டு, "புள்ள, இத ஃப்ரிட்ஜ்ல வெச்சிரு, மறந்துராத" என்று சொல்லிவிட்டு ஓடினான்.

மஞ்சுளா மறக்கவில்லை. கேன் ஃப்ரிட்ஜில் நுழையவில்லை, அது ஒன்று. இன்னொன்று, அவள் புத்திசாலி. மலைமேல் இருக்கிற அம்மாள் எந்த ஃப்ரிட்ஜில் வைத்திருப்பாள்? அந்தக் காலத்திலிருந்து செய்கிற பதார்த்தம் என்றால் பானையில்தான் வைத்திருப்பார்கள். வீட்டில் பானைக்கா பஞ்சம்? வாசலோரம் கம்பங்கூழ்ப் பானை இருந்தது. வருடக்கணக்காகக் கூழ் புளித்துப் புளித்து ஊறிய மண்பானை. சோப்புப் போட்டால் மண்ணில் வாடை ஏறும் என்று வெறும் தண்ணீரில் அலசுவதுதான் வழக்கம். அதில் சாற்றை ஊற்றி, கையளவு கருப்பட்டியும் கொஞ்சம் சுக்கு, மிளகு, கிராம்பும் தட்டிப் போட்டு, வாயை வெள்ளைத் துணியால் கட்டி, அடுப்படி மூலையில் கதகதப்பாக வைத்தாள். கூழ் தெரிந்த யாரும் இதைத்தான் செய்வார்கள்.

இமாசலத்தில் நாலு மாதம் எடுக்கிற வேலையை நம் ஊர் அடுப்படிச் சூடும் கூழ்ப்பானையும் சேர்ந்து ஐந்தே நாளில் முடித்தன.

பிம்லா தேவி வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் சென்றாயன் திரும்பி வந்தான். தெருமுனையிலேயே சிரிப்புச் சத்தம் கேட்டது. அவன் வீட்டுக்குள்ளிருந்து. உள்ளே மஞ்சுளாவும் சுப்பம்மாளும் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். கையில் ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளர். சுப்பம்மாள் காலை நீட்டி நீட்டி மடக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"பாருங்க சாமி, நாலு வருசமா மடங்காத காலுங்க! எப்படி மடங்குது பாருங்க!"

மஞ்சுளா எழுந்து வந்தாள். இருபது வருடத்தில் அவள் கன்னம் அப்படிச் சிவந்து சென்றாயன் பார்த்ததில்லை. "கசாயம் வந்துருச்சுங்க மாமா. மூணு நாளா பொங்குது. களகளன்னு பேசுது. தெனமும் புளிப்பு, இனிப்புப் பாக்குறனுங்க. இன்னிக்குத்தான் பதம்." சொல்லிவிட்டு, காரணமே இல்லாமல் சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

சென்றாயன் பானைத் துணியை விலக்கினான். அடியிலிருந்து முத்து முத்தாய் நுரை ஏறிக்கொண்டிருந்தது. ஒரு டம்ளர் மொண்டு வாயில் வைத்தான்.

சத்தியமாகச் சொல்ல வேண்டுமென்றால், பிம்லா தேவியின் பீப்பாய்ச் சரக்கு இதற்குக் கால்தூசி பெறாது. கருப்பட்டி வேறு உள்ளே இறங்கியிருந்தது. சுக்கு, மிளகு, கிராம்பு. கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் நின்றான். பிறகு, தான் நிற்கிற இடம் எது என்று ஞாபகம் வந்தது. குடியைக் கண்டாலே ஆகாத பெண்பிள்ளை, தன் கையாலேயே, தன் அடுப்படியில், தன் கூழ்ப்பானையில் சாராயம் காய்ச்சாத குறையாக ஒன்றைச் செய்து, ஐந்து நாளாகத் தினமும் ருசி பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

"மஞ்சு, இது... கெட்டுப் போச்சாட்ட இருக்குது. கொட்டிட்டு நாளைக்குக் காப்பி போட்டுக் குடுத்தரலாம்."

"என்ன சொன்னீங்க?" சிரிப்பு நின்றது. "எட்டு வருசமா ஊரெல்லாம் பெருமை பேசுன கசாயம். அஞ்சு நாளு கண்ணுல வெளக்கெண்ணெய ஊத்திட்டுப் பாத்திருக்கறேன். கொட்டறதா?"

இப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். நல்ல ஆளாக இருந்தால் சொல்லியிருப்பான். சென்றாயன் நல்ல ஆள்தான், ஆனால் கோழை. "இல்ல புள்ள, நல்லாத்தான் இருக்குது" என்று சொல்லிவிட்டு, குல்லாயை இழுத்துக் கண்வரை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

மறுநாள் விடிகாலையில் முதலாளியின் காரில் போய் ஈரோட்டிலிருந்து பிம்லா தேவியை அழைத்துவந்தான். எழுபது வயது, நல்ல உயரம், மூக்கில் பெரிய வளையம், தலையில் பூப்போட்ட துணி. மார்கழி மூட்டம் கட்டிக்கொண்டு நிற்க, கோயில் ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருக்க, அந்த அம்மாள் வாசலில் இறங்கினாள். சால்வையும் ஸ்வெட்டருமாக வரிசையில் நின்ற தெரு மொத்தத்தையும் பார்த்தாள். தன் ஸ்வெட்டரைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டாள். முகத்தைத் துணியால் விசிறிக்கொண்டே இந்தியில் ஏதோ சொன்னாள்.

"என்ன சொல்றாங்க?" என்றாள் மஞ்சுளா.

"ஃபேன் போடச் சொல்றாங்க" என்றான் சென்றாயன். அன்று காலை அவன் சரியாக மொழிபெயர்த்த ஒரே வாக்கியம் அது.

உள்ளே பாய் விரித்து, வெண்பொங்கலும் கொத்சும் வைத்து உபசாரம் நடந்தது. சுப்பம்மாள் மூலையில் நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். மஞ்சுளா கசாயத்தை மெல்லிய தீயில் வைத்து, விரலை விட்டுச் சூடு பார்த்து, எல்லோருக்கும் ஊற்றினாள். தனக்கும் ஊற்றிக்கொண்டாள். ஃபேன் காற்றில் ஆவி நாலாபக்கமும் பறந்தது. பிம்லா தேவி ஒரு வாய் குடித்தாள். டம்ளரை இறக்கி, உள்ளே எட்டிப் பார்த்தாள். மறுபடி குடித்தாள். பிறகு சென்றாயனைப் பார்த்து இந்தியில் படபடவென்று சொன்னாள்.

"டேய், இது என்னுடையதைவிட வீரியமாக இருக்கிறதே! நாலு மாதம் ஆகும் எனக்கு. இவ்வளவு சீக்கிரம் எப்படிப் போதை ஏற்றினாள் உன் மனைவி?"

"என்னங்க சொன்னாங்க?"

"ருசியா இருக்குதாம். உடம்புக்கு நல்லதாம்."

மஞ்சுளா தலையாட்டினாள். டம்ளரைக் கொஞ்சம் மெதுவாகக் கீழே வைத்தாள். சென்றாயன் அதைக் கவனிக்கவில்லை.

பிம்லா தேவி இப்போது மஞ்சுளாவின் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். குரல் தணிந்தது. "மகளே, உன்னிடம் சொல்லத்தான் வந்தேன். முதல் வருடம் இவனைத் தூக்கிவந்து போட்டபோது கை இரண்டும் கட்டை மாதிரி இருந்தது. பேச்சு சரியாக வரவில்லை. டம்ளரை வாயில் வைத்தேன், தலையைத் திருப்பிக்கொண்டான். மறுபடி வைத்தேன், மணிக்கட்டைத் தூக்கி இந்தக் கயிற்றைக் காட்டினான். யார் கட்டியது என்று கேட்டேன். உன் பெயரைச் சொன்னான். செத்தால் அவளுக்கு யார் பதில் சொல்வது என்று திட்டி, தாடையைப் பிடித்துத் திறந்து நான்தான் ஊற்றினேன். பாவம் என்னுடையது."

மஞ்சுளா கணவனைப் பார்த்தாள்.

சென்றாயன் சுவரைச் சுற்றிப் பார்த்தான். "ஊடு நெம்ப சுத்தமா இருக்குதுன்னு சொல்றாங்க."

"அவ்வளவு நேரம் சொன்னாங்களே?"

"எல்லா ரூமும் தனித்தனியாச் சொன்னாங்க."

பிம்லா தேவிக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒரு பெண் கட்டிய கயிற்றை இன்னொரு பெண் மதிக்காமல் விட்டேன். ராமேசுவரத்தில் போய் முழுகுவதற்கு முன்னால் உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இருந்தேன்" என்று சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

சுப்பம்மாள் பதறி எழுந்தாள். "ஐயோ, பெரியவங்க எதுக்கு சாமி கும்பிடறாங்க?"

"பொங்கல்..." என்றான் சென்றாயன். நெற்றியில் வேர்வை துளிர்த்தது, ஃபேனுக்கு அடியிலேயே. "பொங்கல்ல உப்பு கரெக்டா இருக்குதாம்."

மஞ்சுளா முன்னால் குனிந்து, கும்பிட்ட அந்த இரண்டு கைகளையும் பிடித்து இறக்கினாள். இறக்கிவிட்டு, நல்ல தெளிவான இந்தியில் சொன்னாள்:

"அம்மா, கையை இறக்குங்கள். தாடையைத் திறந்து நீங்கள் ஊற்றியது முதல் நாள்தானே. அதற்குப் பிறகு எட்டுக் குளிர்காலமும் யார் திறந்துவிட்டது?"

பிம்லா தேவி சென்றாயனையும் மஞ்சுளாவையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தொடையில் அடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

"உனக்கு... உனக்கு எப்படிப் புள்ள இந்தி தெரியும்?"

"மில்லுல நாப்பது புள்ளைங்களைத் தமிழ்லயா மேய்க்கறேன்? ஆறு வருசமாத் தெரியும். அதுங்க அழுதா இந்தியிலதான் சமாதானம் பண்றேன், திட்டுனாலும் இந்தியிலதான் திட்டறேன். அம்மாகிட்ட இந்தியில பேசி உங்கள அசத்தலாம்னு இருந்தேன், நீங்க மாத்திச் சொல்லவும் எதுவரைக்கும் போறீங்கன்னு பாத்தேன்." மஞ்சுளா நிறுத்தினாள். "நீங்க எப்பங்க கேட்டீங்க?"

அவன் கேட்டதே இல்லை. மில்லு எப்படிப் போகிறது என்று போனில் கேட்பான், போகுதுங்க என்பாள், அதோடு சரி. அவனுக்கு வெட்கமாக இருந்தது. பொய் வெளிப்பட்டதைவிட இது அதிகமாகச் சுட்டது.

"அப்பக் கசாயங்கறது?" என்றாள் சுப்பம்மாள். அவளுக்கு இப்போதுதான் விசயம் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.

"சரக்குங்கக்கா. பழத்துச் சரக்கு" என்றாள் மஞ்சுளா.

"ஐயோ முனியப்பா! நான் நேத்து மட்டும் நாலு டம்ளருங்க!" சுப்பம்மாள் தலையில் கைவைத்துக்கொண்டாள். காலை மட்டும் மடக்கியே வைத்திருந்தாள்.

மஞ்சுளா தன் டம்ளரைக் கையில் எடுத்தாள். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். "இத மோந்து பாத்தா எங்கப்பன் ஞாபகம் வரும்னு நெனைக்கறேன், வர மாட்டீங்குது. அந்த ஆளு வாயில அடிச்ச நாத்தம் இதுல இல்ல" என்றாள் தமிழில், தனக்குத்தானே சொல்வதுபோல. பிறகு நிமிர்ந்தாள். கண் நிறைந்திருந்தது. "குடிச்சதுக்கு எனக்குக் கோவம் இல்லீங்க மாமா. கோவந்தான், அத அப்பறம் பேசிக்கறேன். கை கட்டையாட்டம் கெடந்தப்ப எனக்குப் போன் பண்ணி 'கொஞ்சம் குளிரு, ஒண்ணுமில்ல'ன்னு சொன்னீங்க பாருங்க. அன்னிக்கு நீங்க செத்துருந்தா? கொஞ்சம் குளிருல செத்தாருன்னு நான் நெனைச்சுட்டு இருந்துருக்கோணுமா?"

சென்றாயன் தலையைக் குனிந்தான். நீ பயந்துக்குவேன்னு சொல்லல என்று சொல்ல வந்தான், அது பாதிதான் உண்மை. எட்டு வருடமாகப் பாதி உண்மையிலேயே காலம் தள்ளியவனுக்கு இன்று அதற்குத் தெம்பு இல்லை.

"அதுக்கப்புறம் எட்டு வருசம்?" என்றாள் அவள் விடாமல். "அதுக்குப் பதில் சொல்லுங்க. அப்பவும் கை கட்டையாத்தான் இருந்துச்சா?"

தமிழில் ஒரு பதிலும் வரவில்லை. இந்தியில் தேடினான், அதிலும் வரவில்லை. கடைசியில் இருப்பதையே சொன்னான்.

"நல்லாருந்துச்சு புள்ள."

மஞ்சுளாவின் உதடு ஒருமாதிரி நடுங்கியது. அழப்போகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், மூக்கு வழியாக வந்தது. முந்தின நாள் மாதிரியே சுவரைப் பிடித்துக்கொண்டாள். "நல்லாருந்துச்சாம்! எனக்குந்தான் அஞ்சு நாளா நல்லாருக்குது, பாவி மனுசா!" என்றாள். அந்தச் சிரிப்பு பிம்லா தேவிக்குத் தொற்றி, என்ன சொன்னாள் என்றே தெரியாமல் அந்த அம்மாளும் சேர்ந்து சிரித்து, சுப்பம்மாள் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள். சென்றாயன் குல்லாயைக் கழற்றினான். அந்த மார்கழியில் முதல்முறையாக அவனுக்குத் தன் வீட்டில் குளிரவில்லை.

சிரித்து ஓய்ந்ததும் மஞ்சுளா முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். மில்லில் ஷிப்டுக்கு வேலை பிரித்துக் கொடுக்கிற குரல் வந்துவிட்டது.

"இனிச் சொல்லுங்க. எங்கிட்டச் சொல்லாம விட்டது வேற என்னென்ன இருக்குது? எல்லாத்தையும் சொல்லோணும். இந்தியிலயே சொல்லுங்க. தப்பாச் சொன்னா அம்மா திருத்துவாங்க."

பிம்லா தேவியிடமும் அதையே இந்தியில் சொன்னாள். அந்த அம்மாள் மகிழ்ந்துபோய், சாட்சிக்கூண்டுக்கு வந்தவளைப்போல நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

சென்றாயன் தன் மனைவியிடம் முதன்முதலாக இந்தியில் பேசினான். வார்த்தை தடுக்கியது. "முதல் வருடம் பனி கொஞ்சமாகத்தான் விழுந்தது" என்று ஆரம்பித்தான்.

"பொய்" என்றாள் பிம்லா தேவி. "கதவே திறக்க முடியவில்லை."

"கதவு திறக்க முடியாத அளவு" என்று திருத்திக்கொண்டான் சென்றாயன். மஞ்சுளா அவன் டம்ளரை நிரப்பி அவன் பக்கம் தள்ளிவிட்டு, "அப்புறம்?" என்றாள்.